கோட்டு போட்ட கானா

கானா பாடுகிறவருக்கென்று தனி உடுப்பு கிடையாது. நாகஸ்வரக்காரருக்குப் பட்டு வேட்டி, கழுத்தில் சங்கிலி. சபாவில் பாடுகிறவருக்கு ஜிப்பா, அங்கவஸ்திரம். கூத்து கட்டுகிறவருக்குக் கிரீடம், புஜக்கட்டை. பேண்டு செட்டுக்காரருக்குத் தோளில் குஞ்சம் தொங்கும் சிவப்புக் கோட்டு. கானாக்காரர் மட்டும் அன்றைக்கு எதைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாரோ அதோடு வந்து உட்காருவார். ஹார்பரில் மூட்டை தூக்கியவர், காசிமேட்டில் மீன் ஏற்றியவர், மீன்பாடி வண்டி மிதித்தவர், பெயின்டர், கொத்தனார். லுங்கி, முண்டா பனியன், தோளில் ஒரு துண்டு. அவ்வளவுதான்.

நான் ராயபுரத்துத் தையல்காரன். அப்பா காலத்திலிருந்து எங்கள் கடையில் வேஷத்துணி தைக்கிறோம். பேண்டு செட் கோட்டு, மெல்லிசைக் குழுவுக்கு ஜிகினா சட்டை, ஆடி மாசக் கூழ் திருவிழாவில் எம்.ஜி.ஆர். மாதிரி ஆடுகிறவருக்குக் கலர் பேண்ட், கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு ஏரோது ராஜாவின் அங்கி, எல்லாம் எங்கள் மேஜையில் வெட்டு விழுந்தவை. பாட்டு, ஆட்டம் என்று பிழைக்கிற அத்தனை பேரும் எங்கள் வாசலில் நின்று அளவு கொடுத்திருக்கிறார்கள். கானாக்காரர்களும் வருவார்கள், லுங்கி மூட்டிக்கொண்டு போக.

அதனால்தான் 2018-ல் கானாக்காரர்கள் கோட்டு போட்டுக்கொண்டு யூடியூபில் வந்து நின்றபோது, பாட்டைக் கேட்பதற்கு முன்னால் துணியைப் பார்த்தேன். அந்தக் கோட்டு எந்த வழியாக இங்கே வந்து சேர்ந்தது என்று தேடப் போனால் இந்தக் கடற்கரையின் இருநூறு வருஷத்துக்கு மேற்பட்ட கதை கூடவே வருகிறது.

கோட்டு போட்ட வாத்தியக்காரர்களை இந்த ஊர் பார்த்தது கோட்டைப் பட்டாளத்தில். செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பேண்டு வாசித்ததைக் கேட்டு, அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார் முத்துசுவாமி தீட்சிதர். அப்போது அவர் குடும்பம் குடியிருந்தது மணலியில். ஆம், இன்று சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கிகள் நிற்கிற அதே மணலி. அவர்களை ஆதரித்த மணலி முதலியார்கள் கம்பெனிக்குத் துபாஷிகள், கோட்டைக்குள் போகவர உரிமை உள்ளவர்கள். அவர்கள் தயவில் கேட்ட மெட்டுகளில் பிறந்தவைதான் நோட்டுஸ்வரங்கள். இங்கிலாந்து ராஜாவை வாழ்த்துகிற மெட்டுகூட அதில் அம்பாள் பாட்டாக இருக்கிறது. இசை வரலாறு எழுதுகிறவர்கள் மெட்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த இளம்பிள்ளை கோட்டைக்குள் போனதும் முதலில் கண்ணில் பட்டது ஒரே மாதிரி பித்தளைப் பொத்தான் வைத்த கோட்டு வரிசையாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றும். தொழில் புத்தி.

பட்டாளத்து உடுப்பை அப்படியே எடுத்துக்கொண்டவை நம் பேண்டு செட்டுகள். கல்யாணம், சர்ச் ஊர்வலம், சாவு மூன்றுக்கும் அதே சிவப்பு. சாட்டின் துணி எம்.சி. ரோட்டில் வாங்குவோம், தங்க லேஸ் நாராயண முதலி தெருவில். கிளாரினெட்காரருக்கும் டிரம்காரருக்கும் ஒரே வெட்டு ஆகாது. டிரம் அடிக்கிறவருக்குக் கைக்குழியை மேலே ஏற்றி வெட்ட வேண்டும். லூசாக இருந்தால் கை நன்றாக வீசும் என்று புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்கள் இறக்கி வெட்டிவிடுவார்கள். அப்புறம் கையைத் தூக்கும்போதெல்லாம் கோட்டும் கூடவே தூக்கிக்கொண்டு வயிறு தெரியும்.

இந்தக் கோட்டு வாசிக்கிறவருக்குச் சொந்தமில்லை. ஊர்வலம் முடிந்ததும் கழற்றி, செட்டு முதலாளியின் டிரங்குப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். அடுத்த சாவுக்கு அதே கோட்டில் வேறு ஆள். அளவு எடுக்கும்போதே முதலாளி சொல்லிவிடுவார், "மாஸ்டர், நடுத்தரமா வெட்டுங்க, யாரு வந்தாலும் சேரணும்." ஊருக்குத் தெரிவது செட்டின் பெயர்தான். உள்ளே இருந்தவர் பெயரை யாரும் கேட்டதில்லை.

இனி கானாவுக்கு வருகிறேன்.

ராயபுரம் ஸ்டேஷனிலிருந்து வாலாஜா ரோட்டுக்கு முதல் ரயில் ஓடியது 1856-ல். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை அது. 1876-ல் பக்கிங்ஹாம் மில், கொஞ்ச காலத்தில் கர்நாடிக் மில், அதே காலத்தில் துறைமுகக் கட்டுமானம். பிறகு திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் தொழிற்சாலைகள். வேலை தேடிச் செங்கல்பட்டிலிருந்தும் ஆற்காட்டிலிருந்தும் ஆந்திரப் பக்கமிருந்தும் வந்தவர்கள் மீனவக் குப்பங்களுக்குப் பக்கத்தில் குடிசை போட்டார்கள். பெரும்பாலும் தலித் மக்கள். பின்னி மில் என்று ஊர் அழைத்த இந்த மில்களின் காக்கி டிரில் துணி பட்டாளத்துக்கும் போலீசுக்கும் யூனிஃபார்ம் ஆனது. அதை நெய்தவர்கள் வீட்டுக்கு வந்து லுங்கி கட்டிக்கொண்டு பாடினார்கள். நாகூர் பக்கீர் பாட்டு, சித்தர் பாட்டு, இந்தி சினிமா மெட்டு, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கேட்டது எல்லாம் அந்தப் பாட்டில் கலந்திருக்கும். பட்டினத்தார் அடங்கிய இடம் திருவொற்றியூர்க் கடற்கரை. உடம்பு நிற்காது, காசு கூடவே வராது என்று பாடுவதில் கானாவுக்கு அவர்தான் பாட்டன்.

கானா வளர்ந்த இடம் சாவு வீடு. ராத்திரி முழுக்கப் பிணம் வீட்டில் இருக்கும். வாசலில் ஷாமியானா. தூரத்து ஊரிலிருந்து மகள் வர வேண்டும், காலையில்தான் எடுப்பார்கள். அதுவரை வந்தவர்கள் தூங்காமல் உட்கார்ந்திருக்க ஒருவர் பாடுவார். பானை, தாம்பாளம், தீப்பெட்டி, கிடைத்தால் டோலக். பின்னாளில் புல்புல்தாரா, அப்புறம் கீபோர்டு. பாட ஆரம்பிப்பதற்கு முன் பாடகர் வீட்டு ஆளைத் தனியாகக் கூப்பிட்டு விசாரிப்பார். செத்தவர் பேர் என்ன, எந்த கிரேனில் வேலை, எத்தனை பிள்ளை, யாரோடு சண்டை, எந்த டீக்கடையில் கணக்கு. இதெல்லாம் பாட்டுக்குள் போகும். பழைய பாட்டு ஒன்றின் மேல் அந்த ராத்திரிக்கான வரிகளை ஏற்றிப் பாடுவார். அந்த வரிகள் விடிந்தால் முடிந்தன. பதினாறாம் நாள் காரியத்துக்குப் படம் திறக்கும்போது மறுபடி கச்சேரி வைப்பார்கள், அது கொஞ்சம் கலகலப்பாக இருக்கும்.

இந்த இடத்தில் உடுப்புக்கு வேலையே இல்லை. பாடுகிறவர் தெருக்காரர். கேட்கிறவர்களுக்கு அவரைத் தெரியும், அவர் அப்பாவைத் தெரியும், அவர் வாங்கிய கடனும் தெரியும். வெளியாள் முன்னால் போய் நிற்கும்போதுதான் ஒருவருக்கு வேஷம் வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெளியே ஷாமியானாவில் ஆண்கள் கானா பாடும்போது உள்ளே பெண்கள் பிணத்தைச் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைப்பார்கள். அதுவும் அந்த நேரத்தில் கட்டுவதுதான், அதிலும் செத்தவரின் முழு வரலாறும் வரும். ஆனால் உள்ளே பாடினால் அழுகை, வெளியே பாடினால் பாட்டு என்று நாமே பிரித்து வைத்தோம். பெண்களுக்குக் கானா வராது என்று பேசிய ஆண்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். அவர்கள் அம்மாக்கள் பாடியதை அவர்கள் கேட்டதே இல்லையா?

பாட்டு தெருவில் விலைக்குப் போன காலம் ஒன்று இதற்கு முன்பே உண்டு. ஜார்ஜ் டவுன் குஜிலிக் கடைத்தெருவில் மலிவுத் தாளில் பாட்டுப் புத்தகம் விற்றார்கள். கொலை, வெள்ளம், விபத்து, புதுசாக வந்த மோட்டார் வண்டி என்று எது நடந்தாலும் அது பாட்டாகி, முச்சந்தியில் பாடிக் காட்டி விற்கப்பட்டது. ஆ.இரா.வேங்கடாசலபதி 'முச்சந்தி இலக்கியம்' என்ற புத்தகத்தில் இந்த உலகத்தை விரிவாக எழுதியிருக்கிறார். அந்த அட்டைகளில் புலவர் பெயர் இருக்கும். கானாக்காரருக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை, ஏனென்றால் அவர் பாட்டு அச்சுக்கே போகவில்லை.

கேசட் வந்தபோது பாட்டு ஊர்விட்டு ஊர் போனது. 1969-ல் பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா அகதிகளுக்காக உருவான பர்மா பஜாரில் வெளிநாட்டு டேப் ரெக்கார்டர் கிடைத்தது. யாராவது ஒருவர் அதைத் தூக்கிக்கொண்டு வந்து சாவு வீட்டில் பாடகர் பக்கத்தில் வைத்துவிடுவார். அதிலிருந்து ஒரு காப்பி, அந்தக் காப்பியிலிருந்து இன்னொரு காப்பி. வியாசர்பாடியில் பாடியது எண்ணூரில் ஆட்டோவில் ஓடும். அட்டையில் பால்பாயின்ட் பேனாவால் 'கானா' என்று மட்டும் எழுதியிருக்கும். பாடியவரே அந்த ஆட்டோவில் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாலும் டிரைவருக்குத் தெரியாது.

சினிமாவுக்கு அதிக இடம் தர எனக்கு விருப்பமில்லை, அது எல்லோரும் எழுதிய கதை. தொண்ணூறுகளில் இசையமைப்பாளர் தேவா கானாவைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோனார். 2006-ல் 'சித்திரம் பேசுதடி' படத்தில் மீன்களின் கல்யாணத்தைப் பாடிக்கொண்டு கானா உலகநாதன் தன் சொந்த முகத்தோடு திரையில் வந்தார். அதற்கு முன் அனாதை பாலா என்ற பெயரில் பாடிக்கொண்டிருந்த கானா பாலா 2012-ல் 'அட்டகத்தி'யில் பாடினார், 2014-ல் 'மெட்ராஸ்' படத்தில் சாவுக் கானாவை அதன் கனத்தோடு பாடினார். இரண்டு படத்துக்கும் இயக்குநர் பா.ரஞ்சித், இசை சந்தோஷ் நாராயணன்.

எங்கள் கடையில் நடந்த மாற்றம் வேறு. சினிமாவில் ஹீரோ கானாவுக்கு ஆடியதைப் பார்த்துவிட்டு, மெல்லிசைக் குழுக்காரர்கள் 'கானா டிரெஸ்' கேட்டு வந்தார்கள். கட்டம் போட்ட லுங்கி, கழுத்தில் கர்ச்சீப், கை மடித்த பளபளா சட்டை. எங்கள் தெருவில் வேலைக்குப் போகக் கட்டியது மேடையில் வேஷமாகிவிட்டது. தினமும் லுங்கி கட்டுகிறவருக்குக் கிடைக்காத மரியாதையை, ஒரு பாட்டுக்கு மட்டும் லுங்கி கட்டியவர் கைதட்டலாக வாங்கினார். தைத்துக் கூலி வாங்கினோம், பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த லுங்கிக்கு இடுப்பில் எலாஸ்டிக் வைத்துக் கேட்டபோது என் அப்பா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார்.

இதற்கிடையே சாவு வீட்டில் ராத்திரி சுருங்கியது. 2000-ல் வந்த ஒலி மாசு விதிகள் இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரை ஒலிபெருக்கியைத் தடுத்தன. கானாவின் நேரமே அதுதான். ஐஸ் பெட்டி வந்தது, வேலைக்கு லீவு கிடைப்பது குறைந்தது, சில இடங்களில் விடிய விடிய உட்காரவும் ஆள் இல்லை. பின்னி மில் 1996-லேயே மூடிவிட்டது. அப்புறம் செல்போன் கேமரா. யூடியூப் 2005-லிருந்து இருந்தாலும் எங்கள் பக்கத்துப் பையன்கள் அதில் குடியேறியது 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிந்த பிறகுதான். கும்மிடிப்பூண்டி ரயிலில் ஜன்னல் கம்பியைத் தட்டிக்கொண்டு காலேஜ் பையன்கள் பாடியது அன்று சாயந்திரமே எல்லோர் கையிலும் இருந்தது. பாடியவர் முகம், கீழே அவர் பெயர். 'கானா' என்ற பட்டத்தோடு பெயர். அந்தக் காப்பி கேசட்டுகளில் கிடைக்காதது.

வேறு திசையிலிருந்தும் ஒருவர் வந்தார். 2017 பொங்கல் சமயத்தில் கர்நாடக இசைப் பாடகர் டி.எம்.கிருஷ்ணா, கபேர் வாசுகி எழுதிய 'சென்னை புறம்போக்குப் பாடலை' எண்ணூர் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பலுக்கு நடுவே பாடிய வீடியோ இணையத்தில் வந்தது. எங்கள் ஊர்ச் சாம்பலைத் தெற்கே இருப்பவர்கள் அன்றைக்குத்தான் பார்த்தார்கள். சபா விட்டு இங்கே வருவதற்கு அவர் எதையும் மாற்றிக் கட்ட வேண்டியிருக்கவில்லை. இங்கிருந்து அங்கே போகிறவருக்குத்தான் என்ன உடுத்துவது என்ற யோசனை.

அந்த யோசனைக்குப் பதில்தான் 2018 ஜனவரி 6. கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் ஆயிரக்கணக்கான பேர் முன்னால் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியது. பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸ் டென்மாவும் சேர்த்த குழு. சுமார் இருபது பேர். கானா பாடகர்கள், ராப் பாடகர் அறிவு, பறை, சட்டி, கிடார், டிரம்ஸ். பெயர் அயோத்திதாசப் பண்டிதர் சொன்ன 'சாதியற்ற தமிழர்' என்பதிலிருந்து எடுத்தது. பாட்டுகள் இட ஒதுக்கீட்டைப் பற்றி, மாட்டுக்கறியைப் பற்றி, அம்பேத்கரைப் பற்றி. எல்லோருக்கும் ஒரே மாதிரி கோட்டு.

ஏன் கோட்டு என்று எங்கள் தெருவில் யாரும் கேட்கவில்லை. நீலக் கோட்டில் அம்பேத்கர் படம் மாட்டாத வீடு எங்கள் பக்கம் குறைவு. கோட்டுக்குள் ஒரு ஆளை மறைக்கிற பேண்டு செட் முறைக்கு இது நேர் எதிர். அளவெடுத்துத் தைத்த கோட்டு, போட்டவருக்கே சொந்தம், வீடியோவில் அவரவர் பெயர். வெளிநாட்டில் வேஷம் கட்டி இணையத்தில் பிரபலமான வாத்தியக்காரர்கள் உண்டு. அமெரிக்காவில் போர்ட்லாந்து நகரத்தில் ஒருவர் சினிமா வில்லனின் கறுப்பு முகமூடி போட்டு, ஒற்றைச் சக்கர சைக்கிளில் ஏறி, நெருப்புக் கக்கும் பேக்பைப் வாசிக்கிறார். வேடிக்கைக்கு அது சரி. முகம் ஏற்கெனவே தெரிந்த ஊரில் முகமூடி வேடிக்கை. எங்களுக்கு முகத்தைப் பார்க்கவைக்கவே ஒரு கோட்டு வேண்டியிருந்தது.

அந்தக் கோட்டு வரிசையில் ஒரே பெண் இசைவாணி. ராயபுரத்துப் பெண். அப்பா கீபோர்டு வாசிப்பவர். சின்ன வயதிலேயே அப்பாவோடு மெல்லிசை மேடையேறியவர். மெல்லிசைக் குழுவில் பெண் என்றால் பட்டுப்புடவை, பூ, டூயட்டில் பாதி. கோட்டு போட்டுக்கொண்டு காலை அகட்டி நின்று மைக்கைப் பிடித்து அவர் கானா பாடியபோது அந்தப் பாதிக் கணக்கு முடிந்தது. தையல்காரனாகப் பார்த்தால், பெண்ணுக்குக் கோட்டு வெட்டுவது தனி வேலை. ஆண் கோட்டைச் சின்னதாக வெட்டினால் தோளில் தொங்கும், மார்பில் பிடிக்கும். பாடுகிறவருக்கு மூச்சு இழுக்க இடமிருக்காது. டார்ட் மடிப்பு சரியாக விழுந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். 2020-ல் பி.பி.சி. உலகின் 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்தது. அடுத்த வருஷம் பிக் பாஸ் வீட்டுக்குள் போனார். சாவு வீட்டு வாசலில் பெண்ணுக்கு இல்லாத இடத்தைக் கோட்டும் கேமராவும் சேர்ந்து வாங்கிக் கொடுத்தன.

வாங்கிய இடத்துக்கு வாடகையும் உண்டு. 2024 நவம்பரில், சபரிமலைக்குப் பெண்கள் போவது பற்றி அந்தக் குழுவோடு சில வருஷம் முன்னால் அவர் பாடிய ஐயப்பன் பாட்டு மறுபடி சுற்றுக்கு வந்தது. புகார், மிரட்டல், ஆபாசமான போன் அழைப்பு. சாவு வீட்டில் பாடிய வரி விடிந்தால் இல்லை. அதில் ஒரு பாதுகாப்பு இருந்தது என்று இப்போது தெரிகிறது. தெருவுக்குள் கேலியாகப் போகிற வரி, பெயரோடும் முகத்தோடும் என்றைக்கும் கிடக்கும்போது யார் கையில் வேண்டுமானாலும் மாட்டும்.

எல்லா கேமராக் கானாவையும் நான் தூக்கிப் பிடிக்கவில்லை. வியூஸ் வேண்டும் என்று சின்னப் பெண்களைப் பற்றி அசிங்கமாகப் பாடி வழக்கு வாங்கியவர்கள் உண்டு, கத்தியைக் காட்டிப் பாடியவர்களும் உண்டு. சாவு வீட்டில் அப்படிப் பாடியிருந்தால் எதிரே உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவர் எழுந்து, "டேய், நிறுத்து" என்று சொல்லியிருப்பார். போனுக்குள் அந்தப் பெரியவர் இல்லை. காஸ்ட்லெஸ் கலெக்டிவ் பாட்டுகளை எழுதிப் பேசித் திருத்திய பிறகு பாடினார்கள், அதனால்தான் அவை நிற்கின்றன. கோட்டு மட்டும் போட்டால் அது வந்துவிடாது.

கானாவை இணையம் வளர்த்தது என்று இப்போது எழுதுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. பாட்டை வளர்த்தது சாவு வீடுதான். இணையம் கொடுத்தது பெயர். அதுவும் 2016-க்குப் பிறகு பாடியவர்களுக்குத்தான். அதற்கு முன் சாவு வீட்டில் பாடியவர்களில் பெரும்பாலானவர்கள் பெயர் எங்கேயும் இல்லை. குஜிலிப் பாட்டுப் புத்தகங்களில் கொஞ்சமாவது இன்று படிக்கக் கிடைப்பதற்குக் கோட்டையூர் ரோஜா முத்தையா போல யாரோ சிலர் அவற்றைக் குப்பையில் போடாமல் வைத்தது காரணம். கானா கேசட்டுகளுக்கு எனக்குத் தெரிந்து அப்படி ஒருவர் வரவில்லை.

உங்கள் வீட்டுப் பரணில், பீரோ அடியில், பழைய கார் டாஷ்போர்டில் 'கானா' என்று மட்டும் எழுதிய கேசட் இருந்தால் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். காயிலாங்கடைக்குப் போட்டால் அதற்கு ஒரு ரூபாய்கூட வராது. யார் வீட்டுச் சாவில் பதிவு பண்ணியது, எந்தத் தெரு, பாடியவர் யார் என்று தெரிந்தவர்கள் புதுவண்ணாரப்பேட்டையிலும் காலடிப்பேட்டையிலும் இன்னும் இருக்கிறார்கள், எல்லோரும் எழுபதைத் தாண்டியவர்கள். இந்த வருஷமே போய்க் கேட்டு, அட்டையில் அந்தப் பெயரை எழுதி வையுங்கள்.